மயிலம்மாள் தேய்க்காமல் விட்ட தொட்டி

மயிலம்மாளுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. அழுக்குக்கும் மயிலம்மாளைக் கண்டால் பயம். அவள் தேங்காய் மட்டையைக் கையில் எடுத்தால் பானை மட்டுமல்ல, பானையின் நிழலும் கொஞ்சம் வெளுத்துப்போகும் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொள்வார்கள்.

மலாயாவில் நீலாய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் பால் ஸ்டோரில் வாளி கழுவுவதுதான் அவள் வேலை. ரப்பர் பாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நேற்றைய பால் வாளியின் மூலையில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், இன்றைய பாலையும் கெடுத்துவிடும். அதனால் சாம்பல், மட்டை, சுடுதண்ணீர், வெயில் எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரு வாளியும் அவள் கையை விட்டுப் போகாது. ஒருநாள் வெள்ளைக்காரத் துரை வந்து வாளிக்குள் விரலை விட்டு உரசி, அந்த விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். துரை ஒன்றும் சொல்லாமல் போவதுதான் எஸ்டேட்டில் பெரிய மெடல்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அந்தத் துரை காரில் ஏறிப் பறந்துவிட்டார். பால் வெட்டு நின்றது. பிறகு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்றே மாத வேலை, சோறு துணி எல்லாம் உண்டு என்று சொல்லி ஆட்களை ஏற்றினார்கள். அவள் புருஷன் வீரமுத்துவும் அதில் போனான். மூன்று மாதமும் போனது, மழைக்காலமும் போனது, அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. போனவர்களில் ஒருவரும் வரவில்லை.

அவன் போன மறுநாளே, ரப்பர் பால் காய்ந்து விறைத்துக் கிடந்த அவன் சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டாள். கைப்பழக்கம். காய்ந்த பிறகு எடுத்து முகர்ந்தாள். வெயில் வாசம்தான் வந்தது. வீரமுத்து வாசம் வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ரேஷன் அரிசியை முகர்ந்து பார்ப்பாள். உப்பை முகர்ந்து பார்ப்பாள். சேவல் கூவினால்கூட, இவன் எதுக்கு இன்னிக்கு இம்புட்டு இழுத்துக் கூவுறான் என்று எட்டிப் பார்ப்பாள். யாராவது சிரித்துப் பேசினால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாள். லாரியில் ஏறச் சொன்னவர்களும் சிரித்துத்தான் பேசினார்கள்.

துரை பங்களாவில் இப்போது ஒரு ஜப்பான் அதிகாரி குடியிருந்தார். பங்களாவுக்கு விளக்கெரிக்க முன்பு ஓர் எஞ்சின் கொட்டகை இருந்தது. எஞ்சினைப் பட்டாளத்தார் தூக்கிப் போய்விட்டார்கள். பேட்டரி வைத்திருந்த பெரிய கண்ணாடித் தொட்டிகளில் ஒன்று மட்டும் உடையாமல் மிஞ்சிக் கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் வளைத்து ஆட்டினார். பக்கத்தில் நின்ற எஸ்டேட் கணக்கர் அமிர்தலிங்கம் கிராணி அதைப் பாம்பு என்று எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அதிகாரி வாயையும் திறந்து திறந்து மூடிய பிறகுதான் அது மீன் என்று விளங்கியது. அதாவது, தொட்டியில் மீன் விட்டு விருந்தறையில் வைக்க வேண்டும்.

கிராணி வெள்ளைக்காரன் காலத்தில் 'எஸ் சார்' சொன்னவர். ஜப்பான்காரன் வந்ததும் அவன் பாஷையில் ஆமாம் என்கிற 'ஹாய்' சொல்லக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்.

"எஸ்டேட்லயே நீதான் சுத்தக்காரி. தொட்டி ஒன் பொறுப்பு. மீன் பிடிச்சுக் கொடுக்கறது மாயாண்டி" என்றார் மயிலம்மாளிடம்.

"அதுல அசிட் ஊத்தி வெச்சிருந்தாங்களே ஐயா."

"அதான் ஒன்னக் கூப்ட்டேன். தேய்."

தேய்த்தாள். பேட்டரிக்காரன் ஊற்றிய அசிட் கண்ணாடியின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதோ என்று சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்தாள். அடியில் போட வேண்டிய மணலை அரிசி களைவது மாதிரி களைந்தாள். தொட்டி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு.

மாயாண்டி வாளியோடு வந்தான். அவன் பங்களாத் தோட்டக்காரன். அவன் வாய் மூடி இருந்து பார்த்தவர்கள் இல்லை. ஆற்றோரக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்களோடு திரிந்து, தூபா வேரை நசுக்கித் தண்ணீரில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும் என்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு, அதை எஸ்டேட் முழுக்கப் பீற்றிக்கொண்டவன். அவன் வாளியில் கெண்டைக் குஞ்சுகள், பட்டை பட்டையாகச் செப்பாட் மீன்கள், முரட்டுப் பனையேறி மீன் ஒன்று.

"ஏங்க்கா, இப்படியா தேய்ப்ப? மீனு அது மூஞ்சிய அதுவே பாத்துப் பயந்துரும்லா."

"மொதல்ல ஒன் கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

முகர்ந்து பார்த்தாள். சேறும் பீடியும்தான்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட என்னைய இம்புட்டு மோந்து பாக்கலக்கா" என்று சொல்லிவிட்டு, வாளியோடு மொத்தத்தையும் தொட்டிக்குள் கவிழ்த்தான். அதிகாரி மகிழ்ந்துபோய்க் கைதட்டினார். கிராணி தன் பங்குக்கு ஒரு பிடி சோற்றை உள்ளே போட்டார். மீன் கொழுக்க வேண்டுமாம்.

மறுநாளே கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தன. அதற்கடுத்த காலை, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதிகாரியின் முகம் சுருங்கியது. கிராணியின் முகம் அதைவிடச் சுருங்கியது.

"யாரு என்னா போட்டது?" என்று கத்தினார்.

மயிலம்மாள் வாயைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாது. ஆனால் சந்தேகம் என்பது அவளுக்குத் தொண்டைவரை வந்து நிற்கிற சங்கதி.

"மாயாண்டிக்குத் தூபா வேரு தெரியும் ஐயா."

கிராணி அதை எப்படியோ ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரியின் கை மாயாண்டியின் கன்னத்தில் இறங்கியது. அவன் வாய் முதல்முறையாக மூடியது. அதிகாரி அன்றைக்கே சிரம்பானுக்கு ஏதோ வேலையாகக் கிளம்பினார். திரும்பி வரும்போது தொட்டியில் உயிருள்ள மீன் இருக்க வேண்டும்; இல்லையென்றால் தன் பின்னால் வரும் லாரியில் மாயாண்டி சயாமுக்குப் போவான் என்று சொல்லிவிட்டுப் போனார். கிராணி முன்யோசனைக்காரர். மாயாண்டியின் துணிமூட்டையை இப்போதே ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

அந்த மூட்டையைத் தாண்டித்தான் மயிலம்மாள் பங்களாவுக்குப் போக வேண்டும். வீரமுத்துவின் மூட்டையும் இதே அளவுதான் இருந்தது. ஆனாலும் அவள் மனது இரங்கவில்லை. விஷம் வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் சரியாகிப்போகும் என்று நினைத்தாள்.

விருந்தறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாயாண்டி புதிதாகப் பிடித்து வந்த மீன்களை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அவனை விரட்டினாள். தினமும் காலையில் மீனை வாளியில் எடுத்து விட்டு, தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மணலைக் களைந்து, கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக ஊற்றினாள். செத்ததையும் சாகக் கிடந்ததையும் பங்களாவின் சமையல் குசினிக்குப் பின்னால் வீசினாள்.

ஒருநாள் ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நீண்டு வந்தது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சிக்குனியாடா மாயாண்டி! கையில என்னா?"

"விடுக்கா, வலிக்குது. கொசுப்புழு."

விரலைப் பிரித்துப் பார்த்தாள். நெளிந்துகொண்டிருந்தன.

"சோத்தப் போட்டுக் கொல்லுறீங்களே, அதான் அதுங்க சாப்பாட்டக் கொண்டாந்தேன்."

"ஒன்னைய அடிக்க வெச்ச மீனுக்கு நீ சாப்பாடு போடுவேன்னு சொல்லுற. இத நான் நம்பணும்."

"நம்பாட்டிப் போ. மீனு நம்பும்."

அவள் ஜன்னலையும் அடைத்தாள். இப்போது அறைக்குள் ஈயும் போக வழியில்லை. அப்படியும் மறுநாள் காலை மீன்கள் வயிற்றைக் காட்டின.

மயிலம்மாள் ஒவ்வொரு ஆளாக யோசித்துப் பார்த்தாள். மாயாண்டி உள்ளே வரவில்லை. கிராணி பூட்டுக்கு வெளியே நின்று திட்டிவிட்டுப் போனதோடு சரி. பங்களாவின் சமையல்காரச் சீனன் தன் பாட்டுக்குக் கிடந்தான். அசிட் என்றால் அது எப்போதோ போயிருக்கும், அந்தத் தேய்ப்பு தேய்த்திருக்கிறாள். அப்படியானால் தொட்டிக்குள் போன கை எது? சாவி யார் இடுப்பில் இருக்கிறது? இடுப்பைத் தடவினாள்; சாவி அங்கேதான் இருந்தது. கையில் இருந்த செத்த மீன்களோடு குசினிக்குப் பின்னால் போனாள்.

அங்கே குழாயடியில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் சொட்டிச் சொட்டி, உள்ளே பாசி வழவழவென்று பிடித்து, அடியில் கருப்பாகச் சரளைக்கல் கிடக்கும். அதைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். இன்றைக்கு அதற்குள் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தாள். கெண்டை. ஒன்றல்ல, ஒரு கூட்டம். நடுவில், பனையேறி கடித்த வாலோடு ஒரு செப்பாட். அந்த வாலை அவளுக்குத் தெரியும். முதல் வாரத்தில் சாகட்டும் என்று அவளே வீசிய மீன்.

பின்னால் மாயாண்டி நின்றான். திருடன் மாதிரி முழித்தான்.

"நீ தூக்கி எறிஞ்சதுல மூச்சு இருந்தத மட்டும் பொறுக்கிப் போட்டேன்க்கா. துடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சுங்க."

"இதுல என்னா போட்ட? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் போடல."

"எப்டிக் கழுவுன?"

"கழுவவே இல்ல. சோம்பேறித்தனம்தான்க்கா. அடிக்காத."

அவள் அடிக்கவில்லை. விரலைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரை உரசினாள். வழவழத்தது. முகர்ந்தாள். மழை பெய்து விட்ட அல்லூர் வாய்க்காலின் வாசம். இங்கே கழுவாததில் மீன் ஓடுகிறது. அங்கே கழுவியதில் சாகிறது. விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் வெளுத்துத் தொங்குகிற அந்தச் சட்டை ஏனோ நினைவுக்கு வந்தது. மாயாண்டியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கல்லையெல்லாம் அள்ளு. கழுவாத. தண்ணியையும் அப்டியே மொண்டுக்க."

கருப்புச் சரளையும் பாசியும் பாதித் தொட்டி அழுக்குத் தண்ணீரும் விருந்தறைக்குப் போயின. மேலே கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்து எடுத்து ஊற்றினாள். வால் போன அந்தச் செப்பாட் ஒன்றைத்தான் முதலில் விட்டாள். அது பிழைத்துவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். பனையேறியை மாயாண்டி ஆற்றில் கொண்டுபோய் விட்டான்.

ஆனால் தண்ணீர் மறுநாள் வெளுத்தது. பால் கலந்த மாதிரி வெளுத்தது. மயிலம்மாளின் கை தன்னால் மட்டையைத் தேடிப் போனது. வாளியில் இப்படிக் கண்டால் ஊற்றிவிட்டுத் தேய், அதுதான் அவள் அறிந்த ஒரே சட்டம். மட்டையை எடுத்து, அடைத்திருந்த ஜன்னலைத் திறந்து வெளியே வீசினாள். திரும்பவும் கை அரித்தது. தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கிராணி எட்டிப் பார்த்து அலறினார். "ஐயோ, ரப்பர் பால ஊத்திட்டியா? சாக்கடையக் கொண்டாந்து வெச்சிருக்கா பாரு! தேய்டி இப்பவே!"

"மாட்டேன்."

"ஜப்பான் தொர வந்தா ஒன்னையும் சேத்து லாரில ஏத்துவாரு."

"ஏத்தட்டும். தொட்டில எவனாவது கை வெச்சா கடிச்சு வெச்சிருவேன்."

கிராணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். போய்விட்டார்.

வெளுப்பு ஒரே நாளில் போகவில்லை. செப்பாட் அந்த வெளுப்புக்குள் பேய் மாதிரி தெரிந்தது, மறைந்தது. மாயாண்டி ஜன்னலுக்கு வெளியே நின்று, உயிரோட இருக்கா, உயிரோட இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்டது மீனைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் தண்ணீர் தானாகத் தெளிந்து கிடந்தது. அவள் சில கெண்டைகளை விட்டாள். அவை பிழைத்ததைப் பார்த்த பிறகு இன்னும் சில. சோறு போட வந்த கிராணியைத் துரத்திவிட்டு, மாயாண்டியின் கொசுப்புழுவைக் கொஞ்சமாக வாங்கிப் போட்டாள். வாங்கும்போது அவன் கையை முகர்ந்துதான் வாங்கினாள்.

அதிகாரி வந்தார். பின்னால் லாரி எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. மாயாண்டி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றான். விருந்தறையில் அதிகாரி தொட்டியைச் சுற்றி வந்தார். மீன்கள் ஓடின. ஆனால் அவர் மீனைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு உரசி, முகர்ந்து, புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டார்.

"ஏன் தேய்க்கலன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. அவர் குரலே வியர்த்திருந்தது.

மயிலம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியே லாரியின் பின்பலகை தெரிந்தது.

"சொல்லுங்க ஐயா. முன்ன செத்ததெல்லாம் நான் தேய்ச்சதுல செத்தது. மாயாண்டி ஒண்ணும் போடல. தூபான்னு நான்தான் வாய் கூசாமச் சொன்னேன். தண்டிக்கிறதா இருந்தா என்னையத் தண்டிக்கச் சொல்லுங்க. தொட்டிய மட்டும் தேய்க்கச் சொல்லாதீங்க."

கிராணி ஜப்பான் பாஷையில் மூன்றே வார்த்தை சொன்னார். இத்தனை பெரிய பேச்சு மூன்று வார்த்தைக்குள் எப்படி அடங்கியது, அதில் எதைச் சொன்னார், எதை விழுங்கினார் என்பது மயிலம்மாளுக்குக் கடைசிவரை தீராத சந்தேகம். அதிகாரி அவளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே கையை மட்டும் அசைத்தார். லாரி அடுத்த எஸ்டேட்டைப் பார்த்துப் போனது. அங்கே யார் மூட்டை கட்டி நின்றார்களோ.

மாயாண்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். தூபா வேரு சங்கதிய அன்னிக்குக் கிராணிகிட்ட யாரு சொன்னா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான்தான்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

"தெரிஞ்சுமா அந்த மீனையெல்லாம் பொறுக்கிப் போட்ட?"

"மீனா சொல்லுச்சு?"

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன அன்று, பங்களாவிலிருந்து ஆளுக்கொரு சாமான் தூக்கினார்கள். மயிலம்மாள் அந்தத் தொட்டியைக் கேட்டாள். மாயாண்டி தண்ணீரோடும் பாசியோடும் நெஞ்சில் அணைத்துத் தூக்கிக்கொண்டு லயம்வரை நடந்து வந்தான். தண்ணீர் தளும்பித் தளும்பி அவன் சட்டை நனைந்தது. அவள் வீட்டில் பானை பளபளத்தது, தரை பளபளத்தது, சுவரில் வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கியது. தொட்டியை அதற்குக் கீழே வைக்கச் சொன்னாள்.

அவன் குனிந்து வெளிப்பக்கத்துச் சேற்றை மட்டும் துடைக்கப் போனான்.

"இரு" என்றாள். "மொதல்ல கையக் காட்டு."