கதவைத் தட்டிப் பார்த்தவர்

விருத்தாசலத்தில் யாராவது கார் வாங்குவதாக இருந்தால் முதலில் பழமலைநாதனைப் பார்ப்பார்கள். ஷோரூமெல்லாம் அப்புறம்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் சூளை மேஸ்திரி. வயது ஐம்பத்து மூன்று. சொந்தமாக இருப்பது ஒரு பழைய மொபெட். கார் ஓட்டக்கூடத் தெரியாது என்றால் நம்புவீர்களா? ஆனால் எந்தக் காரில் எத்தனை ஏர்பேக், எந்தக் கம்பெனி எந்த மாடலை நிறுத்தப்போகிறான், எவன் ஒரே வண்டிக்கு மூஞ்சியை மட்டும் மாற்றி இரண்டு பெயரில் விற்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தொழிற்பேட்டை வாசலில் பாஞ்சாலையின் டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து அங்கே வந்து உட்கார்ந்தார் என்றால் தீர்ப்பு மேல் தீர்ப்புதான்.

"சன்ரூஃபு எதுக்குய்யா நமக்கு? நம்மூரு வெயிலு பத்தலன்னு மேல வேற ஓட்டயப் போட்டு வுடச் சொல்றியா?" என்பார். "ஏசியக் கூட்டணும்னா ஒரு டிவியத் தடவிக்கிட்டே ஓட்டணுமாம். ரோட்டப் பாக்கறதா, அதப் பாக்கறதா? சின்னக் காருக்கு டயரப் பெரிசாக்கி, நெஞ்ச நிமித்தி வச்சி எஸ்யூவின்னு விக்கிறான். நம்மாளும் வாயப் பொளந்துகிட்டுப் போயி வாங்கறான்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் அவரிடம் ஒரு கை வித்தை இருந்தது. சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை விரலால் சுண்டுவார்கள். நன்றாக வெந்தது கணீரென்று பேசும். உள்ளே விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அந்தக் காதுக்குத் தப்பாது. முப்பது வருடமாகச் சுண்டிச் சுண்டி வந்த காது அது. அதே காதை அவர் காருக்கும் வைத்தார். கதவை முட்டியால் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சாத்திப் பார்ப்பார், பிறகு வாயைத் திறப்பார்: "இது வெந்த வண்டி." அல்லது, "பச்ச மண்ணுய்யா, வேணாம்."

அந்தக் காதுதான் அவர் குடியைக் கெடுத்தது. அவர் குடியை என்று சொல்வதுகூடத் தப்பு, தங்கை குடியை.

தங்கை செல்வநாயகியின் புருஷன் சாமிக்கண்ணு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார் ஓட்டினவர். பழைய வண்டி ஓய்ந்துபோய்ப் புதுசு வாங்க நின்றபோது, ஊரெல்லாம் ஓடுகிற ஒரு காரைத்தான் அவர் நினைத்திருந்தார். பழமலைநாதன் விடவில்லை. பிரெம்னர் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, கெய்ரா என்று அதன் சின்னக் கார். கடலூர் ஷோரூமில் அதன் கதவைத் தட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கேட்டியா மாப்ள? கணீர்னு இருக்குது பாரு. இந்த மாதிரி வெந்த வண்டிய நான் கேட்டதே இல்ல. கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றார்.

"ஸ்பேரு கெடைக்குமா மச்சான்?" என்று கேட்டார் சாமிக்கண்ணு. ஓட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"இவ்ளோ நல்லா செய்யறவன் ஸ்பேரு குடுக்க மாட்டானா?"

இரண்டு வருடம் வண்டி பூ மாதிரி ஓடியது. அப்புறம்தான் ஒரு பேச்சு கிளம்பியது, பிரெம்னர் கடையைக் கட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று. அந்த வாரமே சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கெய்ராவைக் கேட்டு வந்தார். சாமிக்கண்ணு கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். பழமலைநாதன் மொபெட்டை விரட்டிக்கொண்டு போய்த் தடுத்தார்.

"அட, ஒனக்குக் கம்பெனிக்காரன் தந்திரம் தெரியாது மாப்ள. பழசக் கொறச்சிட்டு கரண்டு வண்டி கொண்டாரப் போறான். இப்ப வித்தா ஏமாந்த சோணகிரி நீதான்."

வந்தவர் போய்விட்டார். அடுத்த மாதம் பிரெம்னரும் போய்விட்டான். பெரிய வண்டியில்தான் லாபமாம், சின்ன வண்டி இனிமேல் கிடையாதாம், இந்த நாட்டிலேயே கிடையாதாம். ஒரு பக்க அறிக்கையோடு முடித்துக்கொண்டான், பாவி.

போன தை மாதம் திட்டக்குடி ரோட்டில் கெய்ராவின் ஸ்டீரிங் கல்லாக இறுகிவிட்டது. ஸ்டீரிங்குக்கு உதவுகிற மோட்டார் போய்விட்டது, புதுசு போடாமல் ஓட்டக்கூடாது என்றார் மெக்கானிக். புதுசு எங்கே? பழமலைநாதன் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பழைய சாமான் கடைகளைத் தேடி அலைந்தார். 'கெய்ரா குடும்பம்' என்று வாட்ஸாப்பில் ஒரு குழு. ஒரு காலத்தில் அதில் எல்லாரும் மீசையை முறுக்கினார்கள், இப்போது எல்லாரும் கையேந்தினார்கள். சேலத்துக்காரர் ஒருவரிடம் ஒரு மோட்டார் சும்மா இருந்தது. பழமலைநாதன் போனில் அவரைக் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"என்னோடதும் ஒரு நாள் போவும்ங்க. அன்னிக்கு நான் யார்கிட்ட போவேன்?" என்று சொல்லிவிட்டார் அவர்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, சாமிக்கண்ணு வேப்பூரில் ஒரு லாரிக்கு ஆக்டிங் டிரைவராக ஏறினார். சர்க்கரை வியாதி உள்ள உடம்பு, வடக்கே போகிற லோடு. கிளம்புகிற அன்று பழமலைநாதன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வுடுங்க மச்சான். வண்டி ஓடுற அன்னிக்கி வரேன்" என்று மட்டும் சொன்னார் சாமிக்கண்ணு. அதில் கோபம்கூட இல்லை.

நாக்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் இறங்கினவர் திரும்ப லாரியில் ஏறவில்லையாம். பதினோரு நாளாகப் போன் அணைந்து கிடக்கிறது. போலீசில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பழமலைநாதன் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. சூளையில் ஒரு கட்டையைச் சுண்டினால் அது வெந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அந்த மோட்டார் மட்டும் கிடைத்துவிட்டால் மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று பைத்தியம் மாதிரி நம்பிக்கொண்டு, போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் செல்வநாயகி வந்து வாசலில் நின்றாள். பழமலைநாதனின் மனைவி கொளஞ்சியம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"வேணாம் அண்ணி" என்றாள். பிறகு அண்ணனிடம், "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும்ண்ணே. எழுதிக் குடு."

மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பரிடம் மனுவாக எழுதித்தான் முறையிட வேண்டும், அதுதான் பிராது. யார், எந்த ஊர், என்ன குறை, யாரால் வந்தது என்று எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். அதைப் பொட்டலமாக மடித்து கோயிலுக்குள் முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டால் வழக்கைச் சாமி எடுத்துக்கொள்ளும். தெருவில் பாதிப் பேருக்குப் பழமலைநாதன்தான் எழுதிக் கொடுப்பார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

உதவ ஒரு வழி கிடைத்ததே என்று அவர் பேனாவைத் தேடி எடுத்தார். இத்தனை நாள் வயிற்றெரிச்சல் எல்லாம் காகிதத்தில் இறங்கியது. பிரெம்னர் கம்பெனி செய்த நம்பிக்கை மோசடி, சின்ன வண்டிக்காரனை நடுத்தெருவில் விட்டது, சாமான் தராதது, லாபம் லாபம் என்று அலைந்தது என ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

செல்வநாயகி கடைசிவரை கேட்டாள்.

"இவன் யாருண்ணே?"

"கம்பெனிக்காரன்மா."

"நான் அவனப் பாத்ததே இல்லியே. அவன் எங்க வூட்டுக்கு வந்து வாங்குன்னு சொன்னானா? வித்துடாதன்னு ஓடியாந்து மறிச்சானா?" அவள் குரல் உயரவில்லை. "கதவத் தட்டிப் பாத்தியே, கம்பெனியத் தட்டிப் பாத்தியாண்ணே?"

பழமலைநாதன் எழுதிய காகிதத்தை மடித்தார்.

"எதிரி எடத்துல ஒம் பேர எழுது" என்றாள் அவள்.

டீயை ஏன் வாங்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிராது கட்டப்போகிறவள் எதிரி வீட்டில் எப்படிக் கை நனைப்பாள்? கொளஞ்சியம்மாள் உள்ளே போய் அழுதாள். அவர் வேறு காகிதம் எடுத்தார். எதிரி: பழமலைநாதன், சூளை மேஸ்திரி, விருத்தாசலம். குறை: இவர் பேச்சைக் கேட்டு என் புருஷன் வண்டியும் போய் ஊரும் போய் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. வேண்டுவது: அவர் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். இவ்வளவுதான் அவள் சொன்னாள். கோணல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

அவள் பஸ்ஸில் போனாள். இவர் மொபெட்டில் பின்னாலேயே போனார். கோயில் முன்னால் புத்தம் புது எஸ்யூவி ஒன்று மாலை போட்டு நின்றது, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அதன் சொந்தக்காரர் ஜெயராஜ், தொழிற்பேட்டைக்கு லாரியில் மண் அடிப்பவர். பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மேஸ்திரி! நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு தட்டு தட்டிச் சொல்லிட்டுப் போங்க."

வழக்கம்போலக் கை எழுந்துவிட்டது. கதவு வரைக்கும் போனது. சட்டென்று இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். ஜெயராஜ் அதை வேடிக்கை என்று நினைத்து இன்னும் சிரித்தார்.

உள்ளே முனியப்பர் வேலைச் சுற்றிப் பொட்டலம் மேல் பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில் நூல் நுழைய இடமில்லை. செல்வநாயகி எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. மறுபடி எக்கினாள். பொட்டலம் கை நழுவிக் கீழே விழுந்தது. பழமலைநாதன் குனிந்து எடுத்தார்.

"குடு, நான் கட்டறேன்" என்றார், பொட்டலம் தன் கையில்தான் இருக்கிறது என்பதுகூட உறைக்காமல்.

அவள் விலகி நின்றாள். அவர் மேலே ஒரு இடம் கண்டுபிடித்து, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"வண்டில ஏறும்மா, கொண்டாந்து வுடறேன்."

"பஸ்ஸுல போயிக்கறேண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர் இன்னொரு முறை சாமிக்கண்ணுவின் நம்பரைப் போட்டுப் பார்த்தார். அணைந்துதான் கிடந்தது. போனை மடியில் செருகிக்கொண்டு வேலின் முன்னால் நின்று கும்பிட்டார். சுற்றி ஆள் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டே அழுதார்.

"அய்யா, நாந்தான் எதிரி. எங் கையாலயே எழுதி எங் கையாலயே கட்டியிருக்கிறேன். இந்த வழக்குல என்னத் தோக்கடிச்சிடு சாமி."