நான்காவது பாஷை

அந்த இசைத்தட்டை என் கணவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க வேண்டிய பொருளைத்தான் மனிதர்கள் அப்படிச் சுற்றுவார்கள். வாங்கிப் பிரித்தேன். அட்டையில் ஆப்பிரிக்க இளைஞர்கள் ஏழெட்டுப் பேர், தொளதொள அங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாக எலெக்ட்ரிக் கிடார்களோடு நின்றார்கள். நடுவில் ஒரு பெண், தலைத்துணியைக் கோபுரமாகக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கீழே இங்கிலீஷில் லாகோஸ் என்று போட்டிருந்தது.

"யாரு குடுத்தா?"

"ரிப்பேருக்கு ஒரு ஃபாரின் கப்பல் வந்துச்சுல்ல, அதுல ஒருத்தன். மூணு நாள் அவங்க பம்பைப் பாத்துக் குடுத்தேன்."

"நம்ம வீட்ல ப்ளேயரே இல்லையேங்க. அப்புறம் எதுக்கு?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் குறித்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகப் பட்டறையில் அவர் ஃபிட்டர். மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. பால்காரர் நல்ல பால் ஊற்றிய நாளில்கூட, இன்றைக்கு ஏன் நல்ல பால் என்று யோசித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை, ஜங்லிகாட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மலையாளியிடம் ப்ளேயரை இரவல் வாங்கி வந்தார். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. ரேடியோவில் எப்போதாவது கேட்கும் இங்கிலீஷ் பாட்டு மாதிரி கிடார், ஒரு ஆர்கன், "பேபி" என்று இழுக்கும் குரல். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அதுவரை புரிந்தது. பிறகு அடியிலிருந்து மத்தளங்கள் கிளம்பின. ஒன்று கேட்க இன்னொன்று பதில் சொல்ல, மூன்றாவது நடுவில் புகுந்து இரண்டையும் மறித்தது. டிரம்பெட் கத்தியது. பாடியவன் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தன் சொந்த பாஷைக்குப் போய்விட்டான். அங்கே என்ன சொல்கிறான் என்று யார் கண்டது? நல்ல விஷயமாக இருந்தால் இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கலாமே. இதற்கிடையில் என் கால் தானாகத் தாளம் போட்டது. அதுதான் எனக்கு ரொம்பக் கோபம்.

"இது இந்த வீட்ல வேண்டாம்" என்றேன்.

காரணம் கேட்டார். எனக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. எங்கள் மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான். வீட்டில் தமிழ், வாசலில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் பெங்காலி. மூன்று பாஷை காதில் விழும் பிள்ளை குழம்பித்தான் போகும், தாமதமாகத்தான் பேசும். தீவிலேயே பிறந்து வளர்ந்த எதிர் வீட்டுத் தமிழ்க்கார அக்கா அடித்துச் சொல்வாள்: "அரே, என் பெரியவன் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான். இப்ப பாரு, மூடவே மாட்டேங்கறான். ஃபிக்கர் மத் கரோ, கவலையே படாதே." நானும் நம்பினேன். கூப்பிட்டால் மகள் திரும்ப மாட்டாள். அப்பனுடைய பிடிவாதம் என்று அதற்கும் கணக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

"மூணு பாஷையே தாங்கல. இதுல நாலாவதா ஒண்ணா?" என்றேன். அவர் ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் மகளையும் அந்தத் தட்டையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காற்று வாங்க என்பார். காற்று வாங்குவதற்கு இசைத்தட்டு எதற்கு? எதிர் வீட்டு அக்காதான் துப்புக் கொடுத்தாள்: "உங்க ஆளு டெய்லி ஜங்லிகாட்ல அந்த ரேடியோ கடையிலதான் இருக்காரு. ஏதோ டமடமன்னு பாட்டு. பச்சைப் புள்ளைய வேற மடியில வெச்சுக்கிட்டு." அந்தக் கடைக்கு மாடி உண்டா, மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வீட்டிலும் அவர் போக்கு சரியில்லை. ஒரு காலையில் மகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். இன்னொரு நாள் காரணமில்லாமல் கதவை அறைந்து சாத்தினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் கையே நடுங்குகிறது என்று முடிவு கட்டினேன். பிறகு அழுக்குத் துணியை நனைக்க எடுத்தபோது சட்டைப் பையில் ஒரு காகிதம் அகப்பட்டது. மெட்ராஸ் கப்பலுக்கு இடம் கேட்டு எழுதிய மனு. பெரியவர்கள் இரண்டு, குழந்தை ஒன்று. எங்களை மெயின்லேண்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு இவர் மட்டும் திரும்பப் போகிறார். அப்படிப் பெண்டாட்டி பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டு இங்கே வேறு குடும்பம் வைத்த இரண்டு பேரை எனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அவர் போன கால் மணி நேரத்தில் நானும் இறங்கி நடந்தேன். வழி முழுக்க, கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

கடைக்கு மாடியே இல்லை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, மேசை நிறையப் பிரித்துப் போட்ட ரேடியோக்கள். அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்திருந்தாள். மத்தளம் விழும்போதெல்லாம் தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கணவர் அவளுடைய கைகளை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டு அதே சத்தத்தில் ஓடியது. சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி கைகளைப் பெட்டியில் வைத்தார். சிரித்தாள்.

கடைக்காரர்தான் முதலில் என்னைப் பார்த்தார். "பைட்டியே, பாபி" என்று ஹிந்தியில் அண்ணி முறை வைத்து உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்தார். நான் உட்காரவில்லை.

என் கணவர் எழுந்து வந்தார். "வேற எந்தத் தட்டுக்கும் இப்படிச் சிரிக்க மாட்டேங்கறா. இதுலதான் பெட்டி இப்படி அதிருது" என்றார். "ரெண்டு மாசமா எனக்குச் சந்தேகம். மெட்ராஸ்ல பெரிய டாக்டர் இருக்காராம். கப்பல்ல இடம் கெடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்ன சந்தேகம்?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் உள்ள அத்தனையையும் சந்தேகப்பட்டவள், இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவர் பாட்டை நிறுத்தினார். நான் மகளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, "கண்ணு" என்று கூப்பிட்டேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பலம் கொண்ட மட்டும் கத்தினேன். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்தித் திரும்பினார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். என் மகள் பெட்டியை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்து, அது ஏன் நின்றுபோனது என்று அப்பாவைப் பார்த்தாள்.