பருப்புத் துவையலில் மருந்து

பட்டாளத்தில் இருந்த சித்தப்பா நாகாலாந்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டில் வந்து இறங்கிய அன்றே, அவருடைய அக்காவான என் அத்தை முடிவு கட்டிவிட்டாள்: “மருந்து வச்சிட்டா.” மருந்து என்றால், சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆண்பிள்ளையை முந்தானையில் முடிந்துகொள்வது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் முதல் வரிசையில் ஜெபிக்கிற அத்தைக்கு இதில் சந்தேகமே கிடையாது. மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கும்தான்.

சித்தியின் அலமாரியில் ஒரு துணிப்பொதி இருந்தது. வீடே நாறியது. எலி செத்துக் கிடக்கிறது என்று பரண் முழுக்கத் தேடினோம்.

“ஏட்டி, அவ யாருக்கும் தெரியாம பைய என்னத்தயோ போடுதா. கூட இருந்து பாரு” என்று அத்தை என்னை அடுப்படிக்கு அனுப்பினாள். சித்தி பொதியை அவிழ்த்து, காய்ந்த வரட்டி மாதிரி இருந்ததில் ஒரு கிள்ளு கிள்ளி, சுட்டு, பருப்புத் துவையலோடு வைத்து அரைத்தாள். சோயாவை அவித்து, இலையில் மூடிப் புளிக்கவைத்து, புகையில் காயவைத்ததாம். அவள் அம்மா தான் உடுத்திய சிவப்புத் துணியில் பொதிந்து தந்ததாம். ஏன் இத்துனூண்டு என்று கேட்டேன்.

“புதுசு இல்ல? முதல்ல கொஞ்சம். பழகும். அப்புறம் நிறைய.”

ஆத்தாடி! மருந்து வைக்கிறவள் வேறு எப்படிப் பேசுவாள்?

கிள்ளு பெரிதாகிக்கொண்டே போனது. சித்தப்பா மறுசோறு வாங்கினார். அத்தையும் வாங்கினாள், சந்தேகத்தோடுதான்.

ஒருநாள் சித்தி கடைக்குப் போன நேரம், அத்தை பொதியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினாள். துணி நல்ல துணி. வீணாக்க மனசு வராமல் அலசி, சட்டி இறக்க அடுப்படியில் போட்டாள்.

மறுநாள் சோற்றுப்பானையை இறக்க அதை எடுத்த சித்தி அதை விரித்துப் பிடித்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து துவையலை அரைத்தாள்.

சாப்பிடும்போது அத்தை முகம் சுளித்தாள். “என்ன துவையல் இது, சப்புன்னு இருக்கு?”

“தீந்துட்டு, மைனி” என்றாள் சித்தி. எங்கள் பேச்சு அதற்குள் அவளுக்கு வந்திருந்தது. அத்தை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் அடுப்படியை எட்டிப் பார்த்தேன். சித்தி அந்தத் துணியை முகத்தில் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். மிச்சம் மருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள்! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அத்தை நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். “போட்டி, ஒஞ்சோலியப் பாத்துக்கிட்டு.” அப்புறம் அடுப்படிப் பக்கமே அவள் போகவில்லை. சரியாகத் துப்புச் சொன்னதற்கு எதற்குக் குட்டு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.