வளைய இடமில்லாத மூலக்கூறுகள்

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். குறையாகச் சொல்கிறார்களா, பெருமையாகவா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வருஷம் ஆயுதபூசை நெருங்கியபோது என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினம் காலையில் சாக்கோட்டையிலிருந்து பஸ். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசிய தகட்டை ஒரு கரைசலில் ஊறப் போட வேண்டும். கரைசலில் இருக்கும் மூலக்கூறுகள் ஒரு நுனியால் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை அடுக்காக எழுந்து நிற்கும். புற ஊதா ஒளி பட்டால் அவை நடுவில் மடங்கும். நீல ஒளி பட்டால் நிமிரும். மடங்கினால், எலக்ட்ரான் தங்கத்தை விட்டு வெளியே வரத் தேவையான ஆற்றலே மாறிவிடும். வெறும் விளக்கைக் கொண்டு ஓர் உலோகத்தின் குணத்தை ஏற்றி இறக்கலாம்! இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் என் தகட்டில் ஒன்றும் நடக்கவில்லை. தகட்டுக்கு மேலே அதிர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஊசி அந்த ஆற்றலை அளந்து, கணினித் திரையில் கோடாக இழுக்கும். புற ஊதா விளக்கைப் போடுவேன். கோடு நேராகப் போகும். நீல விளக்கைப் போடுவேன். அப்போதும் நேராகத்தான் போகும், நாலு வழிச் சாலை மாதிரி. சரி, மூலக்கூறு போதவில்லை போல என்று இன்னும் அதிக நேரம் ஊறவைத்தேன். கரைசலை இன்னும் கெட்டியாக்கினேன். விருந்தில் வாழையிலையின் பச்சை தெரிந்தால் பரிமாறினவர்களுக்கு அவமானம் என்று நினைக்கிற சீமையில் வளர்ந்தவள் வேறு என்ன செய்வாள்? தங்கம் தெரியாமல் நிரப்பினேன்.

என் நெறியாளர் ஒருநாள் கூப்பிட்டார். "பூசை லீவு முடியட்டும். முடிஞ்சு வர்ற அன்னைக்குச் சாயங்காலமும் கோடு அசையலைன்னா தலைப்பை மாத்திரலாம்மா. இரும்பு துருப்பிடிக்காமப் பூசுற வேலை இருக்கு. அதுல நிச்சயமாப் பட்டம் வாங்கிரலாம்."

நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துருவோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் நான் ஆசைப்பட்டது இதை. இதை விட்டுவிட்டு இன்னொன்றில் வாங்குகிற பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லீவுக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் பூசை. மத்தியானம் கடைசித் தகட்டை ஊறப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஆய்வகச் சாவியை வைத்திருக்கும் அக்கா வாளியும் துணியுமாக நிற்கிறார்.

"ஏத்தா, இன்னமுமா ஊறப் போட்டுக்கிட்டிருக்க? மேசையைக் கழுவணும், எடு."

"அக்கா, இது நாளைக்கு வரைக்கும் ஊறணும். இப்பத்தான் போட்டேன்."

"ஸ்பிரிட்டுக் கரைசலைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சூடம் காட்டச் சொல்றியா? மெஷினுக்குப் பொட்டு வைக்கிற நாள்ல கட்டடத்தைக் கொளுத்தவா?"

"ஒரு ஓரமா வச்சுக்கிறேன். நீங்க பாட்டுக்கு அங்குட்டுப் பூசை போடுங்க."

"அங்குட்டும் இல்ல, இங்குட்டும் இல்ல. எடு."

அவர் சொன்னது நியாயம். கடுப்போடு தகட்டை எடுத்துக் கழுவி, நைட்ரஜனில் உலர்த்தி, டப்பாவில் அடைத்தேன். விளக்குப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வாங்கியவள், ஒரு வாய்கூடத் தின்னாமல் பஸ் ஏறினேன்.

லீவு முடிந்து முதல் ஆளாக வந்தேன். புதிதாக ஒன்றை நாள் முழுக்க ஊறவைக்க நேரமில்லை. இருந்தது அந்த அரைவேக்காட்டுத் தகடு மட்டும்தான். அதையாவது பார்ப்போம் என்று ஊசிக்கு அடியில் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டேன். கோடு இறங்கியது.

மாதாவே!

நீல விளக்கைப் போட்டேன். கோடு ஏறிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் மூலக்கூறுகளைத் தோளோடு தோள் நெருக்கி நிறுத்தியிருக்கிறேன். காலை பஸ்ஸில் கைக்குட்டை எடுக்கக்கூட முழங்கையை மடக்க முடியாது. தினம் அதில் வருகிறவளுக்கு இது தெரியவில்லை. சரியாக ஊறாத தகட்டில்தான் அவற்றுக்கு மடங்க இடம் இருந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிக் கைதட்டு வாங்கியவள் வேறு நான்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனாலும் உடனே ஓடவில்லை. விளக்கின் சூடே ஏமாற்றலாம். மூலக்கூறு இல்லாத வெறும் தங்கத் தகட்டில் அதே விளக்குகளை அடித்துப் பார்த்தேன்; கோடு அசையவில்லை. இன்னொரு தகட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து எடுத்தேன். அதில் கோடு இறங்கி ஏறியது. அதற்குப் பிறகுதான் சாரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "வெறும் தங்கத்தை முதல்ல காட்டு."

காட்டினேன்.

"இப்ப உன்னோடதை."

விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டேன். கோடு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. அவர் போதும் என்கிற வரைக்கும் விளக்கை மாற்றிக்கொண்டே இருப்பது என்று முடிவுசெய்திருந்தேன்.

கடைசியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சரிம்மா. துருவுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."