ஒரு கை போதும் என்ற வேலை

டீ நேரத்தில் கப் கையிலிருந்து நழுவி விழுந்தபோதே என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவர் வேலை செய்த கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டேஷனை மாற்றிக் கொடுத்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. பாகங்கள் வரிசையாக நகர்ந்து வருகிற லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் நின்று வேலை செய்கிற இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். யாருக்காவது கைவலி, காய்ச்சல் என்றால் லைனை நிறுத்த மாட்டார்கள். அவரை லேசான ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, அங்கே இருப்பவரை இங்கே இழுத்துக்கொள்வார்கள். இதற்கு அங்கே உதவி என்று பெயர். உதவியாம், உதவி! வலது கை மரத்துப்போன மனிதரை, இடது கையால் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்கிற ஸ்டேஷனுக்கு அனுப்பினார் லைன் லீடர். இவரும் "சரி சார்" என்று போய் நின்றிருக்கிறார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்ட மனுஷன், சாப்பாட்டு நேரம் வரை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சுருண்டு விழுந்திருக்கிறார். வெயில் மயக்கம் என்று அவர்களே முடிவு கட்டி, முதலுதவி அறையில் படுக்கவைத்து, கோணிப்போன வாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி, ஆஸ்பத்திரி, எனக்கு போன்.

எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து நான் அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

கூட வந்திருந்த லைன் லீடர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவரோடு வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர்தான் சொன்னார்: "காலைல டீ குடிக்கும்போதே கப்பு கையில நிக்கல மேடம். பேச்சும் அப்பவே குழறிட்டு."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கேனையும் பார்த்துவிட்டு, அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்.

நான் விடவில்லை. "வேற மருந்தே இல்லியா மேடம்? எத்தினி மருந்து வேணாலும் சேத்துக் குடுங்க. மூளைய மட்டும் காப்பாத்திக் குடுங்க."

அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். "அப்படிச் சேர்த்துக் குடுக்கலாமான்னுதாம்மா ஆராய்ச்சி பண்றாங்க. அடைப்பைக் கரைக்க ஒண்ணு, அது வரைக்கும் மூளை செல் சாகாம தாங்க இன்னொண்ணு. இன்னும் உறுதியா எதுவும் வரல. வந்தாலும் சீக்கிரமா கூட்டிக்கினு வந்தாதான் பலன்."

எங்கேயோ படித்தவர்கள் ராப்பகலாக மருந்தோடு மருந்தைச் சேர்த்துப் பார்க்கிறார்களாம். பார்த்து என்ன பிரயோஜனம்? இங்கே ஒரு லைனை நிறுத்த ஆளில்லை.

இப்போது அவருக்கு மூன்று மாத்திரை. ரத்தம் கட்டாமல் இருக்க, பிரஷருக்கு, கொழுப்புக்கு. இன்னொரு தடவை வராமல் இருக்கத்தான் இதெல்லாம், போனதைத் திருப்பித் தராது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வலது கை தொங்கிவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பசிக்கிறதா என்றாலும் "சரி சார்", வலிக்கிறதா என்றாலும் "சரி சார்". வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை லைன் லீடர் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சும் ஒரு டானிக் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அந்த ஞாபகசக்தி டானிக்.

"மூளைக்கு நல்லதும்மா. மாத்திரையோட சேத்துக் குடுங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "வேலைய பத்திக் கவலப்படாதீங்க. அதே ஸ்டிக்கர் ஸ்டேஷன்தான், ஒரு கை போதும். இன்னாப்பா, வர்றியா?"

"சரி சார்" என்றார் இவர்.

"பாத்தீங்களா, அவரே சொல்ட்டாரு!"

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாய்யா சொல்ட்டாரு? இரு, நீயே கேளு" என்றேன். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "ஏங்க, நான் யாரு? உங்க லீடருக்குச் சொல்லுங்க."

என்னையே பார்த்தார். உதடு துடித்தது, கண் நிறைந்துவிட்டது.

"சரி சார்" என்றார்.

லைன் லீடர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.