மலையடிக் கிடா

"...காயடிச்சிட்டு நீங்க போயிருவீக. பொறவு இப்பிடி ஒரு கிடாவ நான் எந்தச் சந்தையில போயித் தேட, டாக்டரு தம்பி?" என்று மதினி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கூமாப்பட்டியில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். முற்றத்தில் மதினியின் கறுப்புக் கிடா கட்டியிருந்தது. எதிரே, கையில் இடுக்கியோடு கால்நடை டாக்டர்.

விஷயம் இதுதான். இனத்தை மேம்படுத்துகிறார்களாம். ஆலங்குளம் பக்கத்து நெட்டைக் கிடா ஒன்றை முந்தின வருடமே ஊருக்குள் விட்டிருந்தார்கள். இப்போது உள்ளூர்க் கிடாக்களுக்கெல்லாம் காயடிக்க வேண்டும் என்று உத்தரவு. மாட்டேன் என்றால் அரசு கட்டித் தரும் ஆட்டுக்கொட்டகை கிடையாது.

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆலங்குளம் சுண்ணாம்புக் காடு. தண்ணீர் குறைவு, நடை அதிகம். தாங்கியவை பிழைத்து, தங்களைப் போலவே நெட்டைக் கால் குட்டிகளைப் போட்டன. இங்கே மலையடி. ஐப்பசி, கார்த்திகையில் தரை காய்வதே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குளம்பு அழுகியவை செத்து, அழுகாதவை மட்டும் பெருகிய மந்தை மதினியுடையது. பார்வைக்கு இரண்டும் வெள்ளாடுதான், மாவட்டமும் ஒன்றுதான். ஆனால் வெயில் பொறுக்கி எடுத்த ரத்தம் வேறு, மழை பொறுக்கி எடுத்த ரத்தம் வேறு. நெட்டைக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகள் போன மழையில் நிற்க முடியாமல் மண்டியிட்டு மேய்ந்ததை நானே பார்த்தேன். மதினியின் கிடாவுக்குப் பிறந்தவை அதே சேற்றில் துள்ளிக்கொண்டு திரிந்தன. அதற்குப் பிறகும் ஓர் உத்தரவா?

"ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ஸு ஓடுதுன்னா, ஆடும் ஒண்ணாயிருமாக்கும்?" என்றார் மதினி.

டாக்டர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதாக்கா? நான் படிச்சதும் இதேதான். மேல இருந்து சொல்றாங்க. ஊர்ல மத்த கிடாவுக்கெல்லாம் அடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

இது ஒன்றுதான் பாக்கி! தெரியாமல் செய்தால்கூட மனசு ஆறும். உத்தரவு தப்பென்றால் நாளைக்கு வேறு உத்தரவு போட்டுக்கொள்வார்கள். அற்றுப்போன வம்சத்தை எந்த உத்தரவு திருப்பிக் கொண்டுவரும்? கத்தியே விட்டேன்.

அண்ணனுக்கு மழைக்கு முன் கொட்டகை எழும்ப வேண்டும். "ஏட்டி, விடு. அடிச்சிட்டுப் போகட்டும்" என்றார் மதினியிடம்.

"கொட்டகைக்குள்ள எதக் கட்டப் போறீக? நொண்டிகளையா?"

கேட்ட கையோடு மதினி கிடாவின் கயிற்றை அவிழ்த்தார். பெட்டையாடுகள் நின்ற பட்டிக்குள் அதை விட்டு, படலைச் சாத்தி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.