அப்பா இருமிய நாள்

பக்கவாதம் வந்து படுத்திருந்த அப்பாவுக்குப் பயிற்சி தர, எங்கள் விஜயநகர் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவார். ஹனூர்க்காரர். நெடுநெடுவென்ற உடம்பு, காது வரை சிரிப்பு. அப்பா ஒரு விரலை அசைத்தால்கூடக் கைதட்டுவார். அப்பாவுக்கு அது பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஐயா, இருமுங்க பாக்கலாம்" என்று தினமும் சொல்வார். வராது. இரும முடியாதவருக்குச் சோறு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால் மூக்குக்குழாயில்தான் கஞ்சி.

அன்று அம்மா ரசத்துக்கு மிளகாய் தாளித்தாள். நெடி கூடம் முழுக்கப் பரவியது. நான் இருமினேன், அவர் இருமினார், அப்பாவும் இருமினார்.

"கேட்டீங்களா? நாம சொல்லி இருமறதுக்கு மேல்மூளை வேணுமுங்க. நெடிக்குத் தானா இருமறது பிடரிகிட்ட இருக்கற மூளைத்தண்டோட வேலை. அது முழிச்சுட்டுத்தான் இருக்குதுங்க. டாக்டர்கிட்டச் சொல்லுங்க, வாயில குடுத்துப் பாக்கலாமான்னு கேப்போம்" என்றார், இருமலுக்கு நடுவே.

அவ்வளவு சந்தோஷத்திலும் அவரால் கைதட்ட முடியவில்லை. இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன.

அவரையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தன் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பட்பட்டென்று தட்டினார்.